பழைய ஸ்டீல் ரோடு சைக்கிளைப் புதுப்பிக்கிறீர்களா? ஸ்பேனரை எடுக்குமுன் அளவெடுங்கள்

என் அலமாரியில் ஒரு சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் தண்டு), ஒரு பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் பாகம்), இரண்டு டயர்கள் இருக்கின்றன. எல்லாம் புதியவை. எதுவும் என் சைக்கிளுக்குப் பொருந்தாது. மூன்றுக்கும் சேர்த்து 75 பவுண்டு போனது. மூன்று முறையும் நான் செய்தது ஒரே தவறுதான்: அளவெடுக்காமல், பெயரை நம்பி வாங்கினேன்.

வேலைக்காக லெஸ்டருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் 85 பவுண்டுக்கு ஒரு பழைய ராலே சைக்கிளை வாங்கினேன். பத்து கியர், வளைந்த ஹேண்டில்பார், ஃபிரேமில் ‘ரேனால்ட்ஸ் 531’ (குழாயின் ஸ்டீல் வகை) ஸ்டிக்கர். அதை ஓடும் நிலைக்குக் கொண்டுவர எட்டு வார இறுதிகள் ஆயின. இங்கிலாந்தில் இருக்கும் உங்களுக்கும் அப்படி ஒரு வண்டி கண்ணில் பட்டிருந்தால், கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். வரிசை மாறினால்தான் காசு வீணாகிறது.

1. பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், குழாயைப் பாருங்கள்

பெயின்ட் உரிந்திருக்கலாம், செயின் துருப்பிடித்திருக்கலாம். அதெல்லாம் சரிசெய்யக்கூடியவை. ஃபிரேம் வளைந்திருந்தால் மட்டும் விட்டுவிட வேண்டும்.

முன்சக்கரத்துக்கு மேலிருந்து பெடல் வரை சாய்வாக இறங்கும் குழாய் இருக்கிறதல்லவா, அதன் அடிப்பக்கத்தில், ஹேண்டில் குழாயோடு சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே விரலால் தடவிப் பாருங்கள். பெயின்ட் சுருங்கியிருந்தாலோ சின்ன மேடு தட்டுப்பட்டாலோ அந்த வண்டி எப்போதோ எதிலோ நேராக மோதியிருக்கிறது. ஃபோர்க்கைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். அதன் மேல்பகுதி ஹேண்டில் குழாயின் கோட்டிலேயே இறங்கி, கீழே போய்த்தான் முன்னோக்கி வளைய வேண்டும். மேலேயே பின்பக்கம் தள்ளியிருந்தால் வாங்காதீர்கள்.

ஃபிரேம் நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின்சக்கரம் மாட்டும் பிளவில் நூலின் ஒரு முனையைக் கட்டி, ஹேண்டில் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்கப் பிளவில் இறுக்கிக் கட்டுங்கள். நூலுக்கும் சீட் குழாய்க்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிரு மி.மீ. வித்தியாசம் பரவாயில்லை.

அப்புறம், விற்பவரிடம் கேளுங்கள்: “சீட்டைக் கொஞ்சம் ஏற்றிக் காட்ட முடியுமா? ஹேண்டில்பாரையும்?” இரண்டும் அசைந்தால் கேட்ட விலையைக் கொடுக்கலாம். அசையாவிட்டால் குறைத்துக் கேளுங்கள். ஏன் என்று ஆறாம் படியில் தெரியும்.

2. ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். திருட்டு சைக்கிளை நீங்கள் முழுப் பணம் கொடுத்து, தெரியாமல் வாங்கியிருந்தாலும் அது உங்களுக்குச் சொந்தமாகாது. உரியவர் வந்து கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான். விசா, வேலை என்று ஆயிரம் கவலையோடு வந்திருக்கும் நமக்குப் போலீஸ் விசாரணை வேண்டவே வேண்டாம்.

ஃபிரேம் எண் பெரும்பாலும் பெடல் அச்சு இருக்கும் கூட்டின் அடியில், அல்லது சீட் குழாயின் மேல்முனையில் பொறிக்கப்பட்டிருக்கும். பார்க்கப் போகும் முன்பே எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பைக்ரெஜிஸ்டர் இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால், திருடு போனதாகப் பதிவாகியிருக்கிறதா என்று இலவசமாகப் பார்க்கலாம். எண்ணைச் சுரண்டியிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைத் தாளில் எழுதிய ரசீதே போதும். விற்பவர் பெயர், முகவரி, தேதி, தொகை, ஃபிரேம் எண், இரு கையெழுத்து. பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். வீட்டுக்கு வந்ததும் அதே தளத்தில் உங்கள் பெயரில் பதிவு செய்து, வண்டியை நான்கு பக்கமும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படங்கள் பிரிக்கும்போதும் உதவும்.

3. வயதைக் கண்டுபிடியுங்கள்

வயது தெரிந்தால் எந்த அளவுகளை எதிர்பார்க்கலாம் என்பது ஓரளவு தெரிந்துவிடும். 1970-களின் நடுவிலிருந்து சில ஆண்டுகள் ராலே பயன்படுத்திய எண்களில் இரண்டு எழுத்துகள் முன்னால் வரும். முதல் எழுத்து ‘என்’ என்றால் நாட்டிங்ஹாம், ‘டபிள்யூ’ என்றால் வொர்க்சாப் பட்டறை. எழுத்துகளை அடுத்து வரும் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம்.

என் வண்டியில் அது 9. 1979-ஆ, 1989-ஆ? பின்பக்கம் கியர் மாற்றும் டெரெய்லர் ஷிமானோவுடையது. அதன் உட்புறத்தில் அழுக்கைத் துடைத்ததும் ‘டி சி’ என்று இரண்டு சின்ன எழுத்துகள் தெரிந்தன. ஷிமானோவின் அந்தக் காலக் குறியீட்டில் முதல் எழுத்து ஆண்டு: ஏ என்றால் 1976, பி என்றால் 1977, இப்படியே போகும். இரண்டாவது எழுத்து மாதம். ஆக, 1979 மார்ச். ஃபிரேம் எண்ணோடு அது ஒத்துப்போனது.

4. அளவெடுக்க ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். பழைய சைக்கிளில் இங்கிலாந்து, பிரான்ஸ், இத்தாலி என்று நாட்டுக்கு ஒரு மரை, கம்பெனிக்கு ஓர் அளவு. 15 பவுண்டு கொடுத்து, விட்டத்தைத் துல்லியமாக அளக்கும் ஒரு டிஜிட்டல் காலிபர் வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை எந்தப் பாகத்தையும் ஆர்டர் செய்யாதீர்கள்.

*சீட் போஸ்ட்.* 531 ஃபிரேமுக்கு 27.2 மி.மீ. என்று பல இடங்களில் படித்துவிட்டு அதையே வாங்கினேன். உள்ளே போகவில்லை. என் ஃபிரேமில் இருந்தது சீரான தடிமனுள்ள 531 குழாய். குழாய்ச் சுவர் கனமாக இருப்பதால் உள்விட்டம் குறைவு. 27.2 என்பது நடுவில் மெலிந்து முனையில் தடித்த உயர்ரகக் குழாய்க்குத்தான் பொதுவாகப் பொருந்தும். ஸ்டிக்கரை முழுக்கப் படித்திருந்தால் எனக்கு அது தெரிந்திருக்கும். பழைய போஸ்ட்டைக் கழற்றி அளந்தபோது 26.4. இங்கே 0.2 மி.மீ. பிசகினாலும் சிக்கல்தான். பெரிதாக இருந்தால் நுழையாது. சிறிதாக இருந்தால் கவ்வி இறுக்கும்போது ஃபிரேமின் காது நசுங்கும்.

*பாட்டம் பிராக்கெட்.* பெடல் அச்சு சுழலும் கூட்டின் அகலத்தை அளங்கள். 68 மி.மீ. என்றால் பெரும்பாலும் ஆங்கில அளவு. அச்சை இரு பக்கமும் தாங்கும் மரையுள்ள கிண்ணங்களில் (கப்) வலப்பக்கத்ததுக்கு எதிர்மரை இருக்கும், அதாவது வலப்பக்கம் திருப்பினால்தான் கழறும். 70 என்றால் இத்தாலிய அளவாக இருக்கலாம். அதில் இரு பக்கமும் நேர்மரை. பழைய பிரெஞ்சு வண்டிகளிலும் இரு பக்கமும் நேர்மரைதான், ஆனால் விட்டம் வேறு. தெரியாமல் தவறான பக்கம் திருப்பி, கப்பை இன்னும் இறுக்கிவிட்டவர்கள் உண்டு.

ராலேயில் இன்னொரு பொறி இருக்கிறது. நாட்டிங்ஹாமில் தயாரான பல வண்டிகளில் அங்குலத்துக்கு 26 மரை. மற்ற ஆங்கில சைக்கிள்களில் 24. விட்டம் ஒன்றே என்பதால் புதிய கப் ஒன்றிரண்டு சுற்று அழகாக உள்ளே போகும், பிறகு நிற்கும். அப்போது பலம் போட்டால் ஃபிரேமின் மரையே போய்விடும். கூட்டின் அகலம் 71 அல்லது 76 மி.மீ. என்று வந்தால் 26 மரையை எதிர்பாருங்கள். என்னுடையது 71. பழைய கப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு, பால்ரஸை மட்டும் மாற்றினேன். கப் தேய்ந்திருந்தால் மரையே தேவைப்படாத வகை பாட்டம் பிராக்கெட் கிடைக்கிறது.

*டயர்.* 27 அங்குலம், 700சி என்ற இரண்டு சக்கர அளவுகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் முதலாவதில் 630 மி.மீ., இரண்டாவதில் 622. கட்டைவிரல் வலிக்க வலிக்க அரை மணி நேரம் முயன்றபிறகுதான் பழைய டயரின் பக்கத்தில் 630 என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். டயரில் எவ்வளவோ எண்கள் இருக்கும். இந்த மூன்று இலக்க எண்ணை மட்டும் நம்புங்கள்.

*பின்சக்கர இடைவெளி.* இரண்டு பிளவுகளுக்கும் நடுவே அளங்கள். ஐந்து பல்சக்கர வண்டியில் 120 மி.மீ., ஆறு, ஏழு என்றால் 126, ரிம் பிரேக் உள்ள பிந்தைய ரோடு சைக்கிளில் பொதுவாக 130. சக்கரம் மாற்றும் எண்ணம் இருந்தால் இந்த எண் தேவைப்படும்.

5. இடமும் கருவியும்

வாடகை வீட்டில் இருந்தால் வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லி, பின்கட்டு அல்லது ஷெட்டைக் கேட்டு வாங்குங்கள். தரைவிரிப்பில் கறுப்பு கிரீஸ் பட்டால் போகவே போகாது, டெபாசிட்டில் கழித்துவிடுவார்கள். தடித்த அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தரையில் விரித்துவிட்டே வேலை செய்தேன்.

காலிபர் போக வாங்க வேண்டியவை: சக்கர அச்சில் பால்ரஸை அழுத்தும் கோனுக்கு மெல்லிய ஸ்பேனர்கள் (13, 14, 15 மி.மீ.), பெடல் ஸ்பேனர், கிராங்க் (பெடல் மாட்டும் கை) எடுக்கும் கருவி, உங்கள் ஃப்ரீவீலுக்கு (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி) உரிய கருவி, ஹெட்செட்டுக்கு (ஹேண்டில் திரும்பும் பேரிங்) 32 மி.மீ. ஸ்பேனர், நல்ல கேபிள் கட்டர். காலிபரோடு சேர்த்து எனக்கு 92 பவுண்டு ஆனது. கிராங்க் கருவியிலும் கவனம் வேண்டும். சாதாரண அளவு 22 மி.மீ., ஆனால் பழைய பிரெஞ்சு கிராங்குகளில் டி.ஏ. 23, ஸ்ட்ராங்லைட் 23.35. இங்கும் காலிபர்தான் பதில் சொல்லும். பல நகரங்களில் சமுதாய சைக்கிள் பட்டறைகள் உண்டு. சிறு கட்டணத்துக்கு அவர்களுடைய கருவிகளையும் பெரிய வைஸையும் (மேசையில் பொருத்திய இறுக்குப்பிடி) பயன்படுத்தலாம். உங்கள் ஊரில் இருந்தால் கருவிச் செலவு பாதியாகும்.

6. முதலில் சீட் போஸ்ட், பிறகு மற்றதெல்லாம்

அலுமினிய போஸ்ட், ஸ்டீல் குழாய், இடையில் மழைநீர். இருபது முப்பது ஆண்டுகளில் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி இரண்டையும் ஒட்டிவிடும். இது கழறாவிட்டால் சீட் உயரம் உங்களுக்குப் பொருந்தாது, பெயின்ட்டும் செய்ய முடியாது. அதனால்தான் மற்ற பாகங்களுக்குக் காசு போடுமுன் இதை முடித்துவிடச் சொல்கிறேன்.

என்னுடையது அசையவே இல்லை. கவ்வி போல்ட்டை முழுக்கக் கழற்றி, ஊடுருவும் எண்ணெயைக் காலை மாலை விட்டேன். மூன்றாம் நாள் பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றிவிட்டு, ஃபிரேமைத் தலைகீழாக நிறுத்தி, அந்தப் பக்கமிருந்தும் குழாய்க்குள் எண்ணெய் ஊற்றினேன். ஒன்பதாம் நாள் ஒரு பட்டறைக்குத் தூக்கிப்போய், போஸ்ட்டின் தலையைப் பெரிய வைஸில் இறுக்கி, ஃபிரேமையே கைப்பிடிபோலப் பிடித்து, இருவராக இடமும் வலமும் மெதுவாகத் திருப்பினோம். ‘டொக்’கென்று ஒரு சத்தம். ஃபிரேம்தான் உடைந்ததோ என்று பயந்தேன். போஸ்ட் கடுகளவு நகர்ந்திருந்தது. அடுத்த இருபது நிமிடத்தில் வெள்ளையும் பழுப்புமாகப் பொடி உதிர உதிர முழுதாக வெளியே வந்தது.

சுத்தியலால் மேல்நோக்கி அடிக்காதீர்கள். போஸ்ட் நசுங்கி இன்னும் இறுகும். அலுமினியத்தைக் கரைக்கக் காஸ்டிக் சோடா ஊற்றுவோரும் உண்டு. கண்ணுக்கும் தோலுக்கும் அவ்வளவு ஆபத்தானதை முதல்முறை செய்கிறவர் வீட்டில் முயல வேண்டாம். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம் இறுகியிருந்தால் மேல் போல்ட்டை இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்தி, அதன் தலையில் மரக்கட்டை வைத்து ஒரு தட்டு தட்டுங்கள். உள்ளே இருக்கும் ஆப்பு விடுபட்டுவிடும்.

7. பிரிப்பது

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் ஒரு படம், கழற்றியதும் தனிப் பையில், பெயர் எழுதி. இடப்பக்க பெடலுக்கு எதிர்மரை என்பதை மறக்காதீர்கள்.

ஃப்ரீவீல்தான் கஷ்டம். பெடல் மிதிக்க மிதிக்க அது இறுகிக்கொண்டே போகும் வகையில் மரை அமைந்திருக்கிறது. நாற்பது ஆண்டு மிதித்ததை நீங்கள் ஒரே நாளில் கழற்ற வேண்டும். இரண்டு பள்ளம் மட்டுமே உள்ள வகையில் கருவி வழுக்கினால் பள்ளம் பிய்ந்துவிடும். அப்புறம் அதை முழுதாகக் கழற்றுவது மிகக் கஷ்டம். கருவியைப் பொருத்தி, அச்சு நட்டை மேலே போட்டு அழுத்திப் பிடிக்க வையுங்கள். கருவியை வைஸில் கவ்வி, சக்கரத்தையே ஸ்டியரிங்போல இடப்பக்கம் திருப்புங்கள். கால் சுற்று விட்டதும் நிறுத்தி, நட்டைக் கழற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு திருப்ப வேண்டும். ஸ்போக்குகளை அறுத்து ரிம்மை மாற்றும் எண்ணம் இருந்தால் அதற்கு முன்பே ஃப்ரீவீலை எடுத்துவிடுங்கள். ரிம் போனபின் திருப்பப் பிடி கிடைக்காது.

8. துருவும் பெயின்ட்டும்

குரோம் பாகங்களுக்குச் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போதும். உப்புத்தாள் வேண்டாம், குரோமில் கீறல் விழும். ஸ்டீல் நட்டு, போல்ட்டுகளை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்த தண்ணீரில், லிட்டருக்கு 50 கிராம் அளவில், சில மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு பல் தேய்க்கும் பிரஷ், ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு அலசல், உடனே துடைத்து எண்ணெய். செயினையும் பால்ரஸையும் இதில் போடாதீர்கள். அவற்றைப் புதிதாக வாங்குவதே நல்லது.

முழு ஃபிரேமுக்கும் பவுடர் கோட்டிங் செய்ய எனக்குச் சொன்ன விலை 120 பவுண்டு, மூன்று வாரம். நான் செய்யவில்லை. நாட்டிங்ஹாமில் ஒருவர் கையால் ஒட்டிய ஸ்டிக்கர்களும் தங்கக் கோடுகளும் போனால் திரும்ப வராது. கழுவி, மெழுகு தேய்த்து, துரு தெரிந்த இடங்களில் மட்டும் பிரஷ்ஷால் பெயின்ட் தொட்டேன். நீங்கள் கோட்டிங் கொடுப்பதானால் பாட்டம் பிராக்கெட் மரை, ஹெட்செட் உட்காரும் இடம், சீட் குழாயின் உட்புறம் மூன்றையும் மறைத்துவிட்டு அடிக்கச் சொல்லி எழுதியே கொடுங்கள். மெல்லிய குழாய், மணல் அடிப்பதை மென்மையாகச் செய்யச் சொல்லுங்கள். எந்த வழியானாலும் குழாய்களின் உட்புறத்துக்குத் துருத்தடுப்பு எண்ணெய் அடிக்க மறக்காதீர்கள்.

9. ஓவராயில்

நம்மூர் சைக்கிள் கடையில் மண்ணெண்ணெய்த் தட்டில் பால்ரஸைப் போட்டுக் கழுவுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான். பொதுவாக முன்சக்கரத்தில் பக்கத்துக்கு 10, அளவு 3/16 அங்குலம். பின்சக்கரத்தில் பக்கத்துக்கு 9, பாட்டம் பிராக்கெட்டில் பக்கத்துக்கு 11, இரண்டும் 1/4 அங்குலம். ஆனாலும் கழற்றும்போது எண்ணுங்கள், ஒன்றையாவது அளந்து பாருங்கள். பழைய பால்ரஸைத் திரும்பப் போடாதீர்கள். பால்ரஸும் கிரீஸும் 22 பவுண்டுக்குள் முடிந்தன. கோனில் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். கோனை இறுக்கும்போது சக்கரம் ஆடவும் கூடாது, சுற்றும்போது கரகரப்பும் கூடாது. இந்தப் பதம் கைக்கு வர எனக்கு ஒரு ஞாயிறு முழுக்க ஆனது.

சக்கரக் கோட்டம் எடுப்பதை மட்டும் 15 பவுண்டு கொடுத்துக் கடையில் செய்துகொண்டேன். பழைய ஸ்போக் நிப்பிள்கள் துருப்பிடித்து உருண்டுவிடும். கைதேர்ந்தவர் செய்வதே மேல்.

10. உங்கள் விருப்பத்துக்கு மாற்றுவது

ரிம் குரோம் போட்ட ஸ்டீலாக இருந்தால் (காந்தம் ஒட்டும்) அதை மாற்றுவதுதான் முதல் வேலை. மழையில் ஸ்டீல் ரிம்மில் பிரேக் பிடிக்காது. இங்கே மழையில்லாத வாரம் அபூர்வம். 700சி அலாய் சக்கரம் போட்டால் ரிம் 4 மி.மீ. உள்ளே தள்ளிப்போகும். பிரேக் கட்டையை அவ்வளவு கீழே இறக்க இடமிருக்கிறதா என்று முன்பே பாருங்கள். 120 மி.மீ. பின்பகுதியை 126-ஆக விரிப்பது ஸ்டீலில் முடியும். அலுமினியத்திலும் கார்பனிலும் கூடாது. விரித்தபின் இரு பிளவுகளும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கவேண்டும். அதற்குத் தனிக் கருவி வேண்டும் என்பதால் பட்டறையில் கொடுங்கள்.

கியரை எடுத்துவிட்டு ஒற்றைப் பல்சக்கரம் போடுவோர் கவனத்துக்கு: 1983-இன் விதிகளின்படி இங்கே சைக்கிளுக்கு தனித்தனியாக இயங்கும் இரண்டு பிரேக் வேண்டும். ஃபிக்ஸட் சக்கரம் (சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும் வகை) பின் பிரேக்காகக் கணக்கில் வரும். முன் பிரேக் கட்டாயம். இரவில் ஓட்டும் சைக்கிளுக்குப் பெடலில் மஞ்சள் பிரதிபலிப்பான் வேண்டுமென்ற விதி 1985 அக்டோபர் 1-க்குப் பின் தயாரானவற்றுக்கே. உங்கள் வண்டி அதற்கு முந்தையது என்றால் பழைய பெடலையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரவில் முன்னும் பின்னும் விளக்கும், பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பானும் இருந்தாக வேண்டும்.

கழற்றிய அசல் பாகம் எதையும் தூக்கி எறியாதீர்கள். இத்தாலியில் 1997-இல் தொடங்கிய லெரோய்க்கா போன்ற பழைய சைக்கிள் விழாக்களில் 1987-க்கு முந்தைய வண்டியும், ஃபிரேம் குழாயிலேயே கியர் நெம்புகோலும் கேட்பார்கள்.

11. செலவும் காலமும்

வண்டி 85, கருவிகள் 92, சரியான டயரும் ட்யூபும் 48, செயினும் ஃப்ரீவீலும் 30, பிரேக் கட்டையும் கேபிளும் 31, பால்ரஸும் கிரீஸும் 22, கோட்டம் எடுக்க 15, ஹேண்டில் டேப் 11. மொத்தம் 334 பவுண்டு. தவறாக வாங்கிய 75-ஐச் சேர்த்தால் 409. பிரித்துப் பொருத்திப் பார்த்துவிட்டதால் எந்தக் கடையும் அவற்றைத் திரும்ப எடுக்கவில்லை.

நவம்பரில் வாங்குங்கள். அப்போது விற்பவர்கள் அதிகம், கேட்பவர்கள் குறைவு. மார்ச்சில் வெயில் எட்டிப் பார்த்ததும் அதே வண்டிகளுக்கு விலை ஏறுவதைப் பார்த்தேன். வேலை எட்டு வார இறுதிகள். அதில் இரண்டு வார இறுதிகள், பாகங்கள் வரும்வரை காத்திருந்ததிலேயே போயின. அலுவலகம் போக வேறு வழி இருக்கும்போதே தொடங்குங்கள். அவசரத்தில்தான் அளவெடுக்காமல் ஆர்டர் போடத் தோன்றும்.

12. சாலையில் இறக்குமுன்

ஸ்டெம்மிலும் சீட் போஸ்ட்டிலும் ‘இதற்கு மேல் தூக்காதே’ என்று ஒரு கோடு இருக்கும். அது குழாய்க்குள் மறைந்திருக்க வேண்டும். பிரேக் நெம்புகோலை இரு கையாலும் முழு பலத்தோடு பத்து முறை அழுத்துங்கள். கேபிள் நழுவுவதாக இருந்தால் வீட்டு வாசலிலேயே நழுவட்டும். இங்கே வழக்கமாக வலக்கை முன் பிரேக், நம்மூரைப் போலவே. ஐரோப்பாவிலிருந்து வந்த வண்டியில் மாறியிருக்கலாம். பழைய ரிம்மின் உள்விளிம்பில் டயரைக் கவ்வும் கொக்கி இல்லாவிட்டால் 70 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்றடிக்காதீர்கள். டயர் ரிம்மை விட்டு வெளியே வந்துவிடும்.

முதல் நாள் போக்குவரத்து இல்லாத தெருவில் ஐந்து கிலோமீட்டர் போதும். ஸ்பேனரைப் பையில் எடுத்துப் போங்கள். முப்பது கிலோமீட்டர் ஓடியதும் கிராங்க் போல்ட்டுகளைத் திரும்ப இறுக்குங்கள். எனக்கு இடப்பக்கம் கால் சுற்று இறங்கியது.